டூலிப் வளர்க்கலாம் வாங்க (அல்லது) காசு குடுத்து பல்பு வாங்குவது எப்படி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்டர்னல், அசைன்மெண்ட், காஸ்ட் அக்கவுண்டிங்னு ஆணி அதிகம். இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். நேத்து ராத்திரி எங்க கிளாஸ் குரூப்ல ஒரு நண்பன் அனுப்புன லிங்க்தான் கிளப்பி விட்டுடுச்சு.

டூலிப் விதையாம். நூறு விதை 149 ரூபாயாம். நீலம், கறுப்பு, வானவில்னு பன்னெண்டு கலராம். எந்த ஊர்லயும் எந்த மாசத்துலயும் வருமாம். மொட்டை மாடிக்கு ரொம்பப் பொருத்தமாம். அதுக்குக் கீழ நம்ம பயலுக ரெண்டு பேர் "ஆர்டர் போட்டாச்சு மச்சி"ன்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கானுங்க.

நான் ஏற்கனவே பல்பு வாங்கினவன். ரெண்டு அர்த்தத்துலயும். அதனால சொல்ற தகுதி எனக்கு இருக்கு.

கொசுவத்திய சுத்துங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, ஏப்ரல் மாசம், திருச்சி. எங்கம்மா டிவியில அந்நியன் படம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 2005ல வந்த படம், நூறாவது தடவை போட்டிருப்பான். அந்த 'குமாரி' பாட்டு வந்துச்சு. நெதர்லாந்து போய் டூலிப் வயல்ல எடுத்த பாட்டு. சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டைன்னு கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பூ. அம்மா "ஒரே ஒரு தொட்டி நம்ம வீட்ல இருந்தா எப்படி இருக்கும்"னு சும்மா சொன்னாங்க. அப்பதான் எனக்கு டியூஷன் எடுத்த காசு கையில இருந்துச்சு. மகன் பாசம் பொங்கிடுச்சு. ஆன்லைன்ல தேடி, பத்து கிழங்கு 499 ரூபாய்னு வாங்கிட்டேன். விதை இல்ல, கிழங்கு. அந்த அளவுக்கு விவரம் இருந்துச்சுன்னு நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. மண்ணுல நடு, தினமும் தண்ணி ஊத்து, 45 நாள்ல பூக்கும். அவ்வளவுதான்.

அம்மா துளசி மாடத்துக்குப் பக்கத்துல தொட்டிய வெச்சாங்க. காலையில கோலம் போட்டுட்டு நேரா அங்கதான் போவாங்க. துளசிக்கு ஒரு செம்பு, இதுக்கு அரை செம்பு. மூணாவது வாரம் ரெண்டு கிழங்குல இருந்து பச்சையா ஒரு நுனி எட்டிப் பார்த்துச்சு. தெருவுல பாதிப் பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. அப்புறம் அந்த நுனி அப்படியே நின்னுடுச்சு. மே மாச வெயில்ல மஞ்சளாச்சு. ஜூன்ல தொட்டியத் தோண்டினா பத்துல எட்டு அழுகிக் கூழாகிக் கிடந்துச்சு. கிட்டயே நிக்க முடியல, அப்படி ஒரு நாத்தம்.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "எனக்குக் கைராசி இல்லடா."

முப்பது வருஷமா மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலைன்னு வெச்சதெல்லாம் துளிர்க்க வெச்சவங்க. கறிவேப்பிலைக் கன்னு வேணும்னா பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. அவங்க வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சு. எனக்கு 499 ரூபாய் போனது வலிக்கல. இதுதான் வலிச்சுது. அதுக்கப்புறம்தான் உக்காந்து டூலிப்பைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு தெரிஞ்சுது. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. விக்கிறவன் ஒரே ஒரு வார்த்தைய மறைச்சுட்டான். குளிர்.

டூலிப்னதும் நமக்கு நெதர்லாந்துதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அதோட பிறந்த வீடு மத்திய ஆசியாவுல இருக்குற தியான் ஷான், பாமிர் மலைப்பக்கம். அங்க இருந்து துருக்கி, அங்க இருந்துதான் ஐரோப்பா. சொந்த ஊர்ல குளிர்காலம் மொத்தமும் பனிக்கு அடியில கிடக்கும். பனி உருகினதும் கிடைக்கிற கொஞ்ச நாள்ல அவசர அவசரமா இலை விட்டு, பூத்து, இலையில சமைச்சதை எல்லாம் கிழங்குல சேர்த்து வெச்சுட்டு, கோடை வர்றதுக்குள்ள மறுபடியும் மண்ணுக்குள்ள போய்ப் படுத்துடும். அதோட வாழ்க்கையே இந்தக் கணக்குலதான் ஓடுது.

நீங்க வாங்குற நல்ல கிழங்குக்குள்ள பூ ஏற்கனவே தயாரா இருக்கும். நெடுக்கா வெட்டிப் பார்த்தா நடுவுல குட்டியூண்டா இதழ் எல்லாம் தெரியும். ஆனா அந்தப் பூ மேல வரணும்னா தண்டு நீளணும். தண்டு நீளணும்னா கிழங்கு 12ல இருந்து 16 வாரம் வரைக்கும் குளிர்ல இருந்திருக்கணும், ஏறக்குறைய 2 டிகிரியில இருந்து 9 டிகிரிக்குள்ள. அந்தக் குளிர்லதான் உள்ள இருக்குற மாவுச்சத்து சர்க்கரையா மாறும், தண்டை வளர்க்குற ஹார்மோன் வேலையும் ஒழுங்காகும். குளிர் கிடைக்கலைன்னா என்ன ஆகும்? ஒண்ணு, எங்க வீட்ல நடந்த மாதிரி நுனி மட்டும் காட்டிட்டு நின்னுடும். இல்லைன்னா இலைக்கு நடுவுலயே மொட்டு கருகிடும். திருச்சியில மார்கழி விடியக்காலையிலயே 18, 20 டிகிரி. ஏப்ரல்ல கேக்கவே வேணாம். நீங்க தண்ணி ஊத்தினாலும் பால் ஊத்தினாலும் வராது.

இப்ப இந்த 149 ரூபாய் விதைக்கு வருவோம். டூலிப்புக்கு விதை உண்டு, பொய் இல்ல. ஆனா விதையில இருந்து முதல் பூ வர நாலு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஆகும். அதுவும் வருஷா வருஷம் குளிர்காலம் இருக்குற ஊர்ல. நீங்க பி.காம் முடிச்சு, சி.ஏ இன்டர் ரெண்டு தடவை எழுதி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வரைக்கும் அந்தத் தொட்டி வெறும் தொட்டிதான். அப்பவும் தாய்ச்செடியோட கலர்லயே வரும்னு உத்தரவாதம் கிடையாது. அதனாலதான் எந்த விவசாயியும் ஒரு ரகத்தை விதை போட்டுப் பெருக்குறது இல்ல, பக்கக் கிழங்கைப் பிரிச்சுத்தான் பெருக்குறான். விதை போடுறது புது ரகம் உருவாக்குறவங்க பொறுமையா பண்ற வேலை. நீல டூலிப்? முழு நீலத்துல ஒரு டூலிப் இது வரைக்கும் கிடையாது. நீலம்னு பேர் வெச்சு விக்கிறது எல்லாம் ஊதா. கறுப்புன்னு சொல்றது அடர்ந்த அரக்கு. வானவில் டூலிப் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பூக்கும். கவர்ல வர்ற விதை என்ன விதைன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, "படத்தைப் பார்த்து ஏமாந்தா அது வாங்குறவன் தப்புதானே"ன்னு ஒருத்தன் குரூப்ல தத்துவம் பேசுனான். அவனுக்குத்தான் இந்தப் பத்தி. ஒரு சட்டை வாங்குறோம், கிழிஞ்சிருந்தா அன்னிக்கே தெரியும், திருப்பி அனுப்பிடலாம். டூலிப்புல என்ன ஆகுது? திருப்பி அனுப்ப எனக்குக் கொடுத்தது ஏழு நாள். பூக்க அவன் சொல்ற கணக்கு 45 நாள். வராதுன்னு உங்களுக்குத் தெரியும்போது கடைக்கதவு சாத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும். நான் ஜூன்ல எழுதிக் கேட்டேன். தண்ணி அதிகமாயிருக்கும்னு பதில் வந்துச்சு. தினமும் ஊத்தச் சொன்னதே அவன் சீட்டுதான்! வாங்கினவங்க எழுதுற விமர்சனத்தைப் பாருங்க. அஞ்சு நட்சத்திரம் கொடுத்தவங்க எல்லாம் பார்சல் வந்த அன்னிக்கே எழுதுனவங்க. நல்ல பேக்கிங், வேகமா வந்துச்சு, பார்க்கலாம். பூத்துச்சான்னு திரும்பி வந்து எழுதுனவங்க எத்தனை பேர்? பூக்காதவங்க பெரும்பாலும் எழுதவே மாட்டாங்க. ஏன்னா எங்கம்மா மாதிரி தன் கையைத்தான் குறை சொல்லிக்குவாங்க. இந்த வியாபாரம் ஓடுறதே அந்த மௌனத்துலதான்.

பிசினஸ் லா பேப்பர்ல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் படிச்சோம்ல? தவறான விளம்பரத்துக்கு அதுல தனியா விளக்கமே இருக்கு. 2020ல வந்த ஈ-காமர்ஸ் விதிகள்ல, விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா விக்கிறவன் திருப்பி வாங்க மறுக்கக் கூடாதுன்னும் இருக்கு. பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதிட்டு அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். எந்த ஊர்லயும் எந்த மாசத்துலயும் பூக்கும்னு போட்டிருக்குற பக்கத்தை இப்பவே படம் பிடிச்சு வெச்சுக்கோங்க, மக்கா. ஏமாந்தவங்க கூப்பிடுறதுக்கு 1915ன்னு நுகர்வோர் உதவி எண் இருக்கு. நான் இதெல்லாம் செய்யல. ஜூன்ல போய்ப் பார்த்தப்ப அந்தப் பக்கமே இல்ல, கையில ஆதாரமும் இல்ல. ஙே!

அப்ப நம்ம ஊர்ல டூலிப் பூக்கவே பூக்காதான்னு கேட்டா, பூக்கும். நானே பூக்க வெச்சேன். அதை எப்படின்னும் சொல்லிடறேன், இல்லைன்னா வெறும் வயித்தெரிச்சல்ல எழுதுறேன்னு சொல்லுவீங்க.

போன வருஷம் அக்டோபர் முதல் வாரம், ஒரு கிழங்கு வியாபாரிகிட்ட போன்ல பேசி ஆறு கிழங்கு வாங்கினேன். சுத்தளவு 12 சென்டிமீட்டருக்கு மேல, அழுத்தினா கல்லு மாதிரி இருந்துச்சு. சின்னக் கிழங்குன்னா இலை மட்டும்தான் வரும். காகிதப் பையில போட்டு ஃபிரிட்ஜுல, ஃப்ரீசர்ல இல்ல, கீழ் தட்டுல வெச்சேன். ஃப்ரீசர்ல வெச்சா உள்ள இருக்குற பூ செத்துடும். ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. பழுக்குற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு மொட்டை உள்ளயே காலி பண்ணிடும். மூணு மாசம் எங்க வீட்ல ஃபிரிட்ஜுக்குள்ள பழம் போகல. அப்பாவோட ஆப்பிள் எல்லாம் மேஜை மேல. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அவ்வ்வ்வ்.

இன்னொண்ணு, முக்கியம். கிழங்கு பார்க்க அச்சு அசல் வெங்காயம். பையில பெருசா "வெங்காயம் அல்ல, சாம்பாரில் போடாதே"ன்னு எழுதி வெச்சேன். சிரிக்காதீங்க, அது விஷம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்துல நெதர்லாந்துக்காரங்க வேற வழியில்லாம இதைத் தின்னாங்க. அதுவும் நடுவுல இருக்குற குருத்தை எடுத்துட்டுத்தான். பூனை, நாய் இருக்குற வீட்ல அதுங்க கடிக்காமப் பார்த்துக்கணும்.

டிசம்பர் கடைசியில, கணக்கா பன்னெண்டு வாரம் முடிஞ்சதும் எடுத்து அன்னிக்கே நட்டேன். மணலும் தேங்காய் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி கலந்த மண்ணு, கூர்முனை மேல, ஒரு சாண் ஆழம். நட்ட அன்னிக்கு நல்லா ஒரு தண்ணி, அப்புறம் விரல் விட்டுப் பார்த்து மண்ணு காய்ஞ்சிருந்தா மட்டும். வெயில் படாத வடக்குத் திண்ணை. ஆறுல நாலு முளைச்சுது. நாலுல மூணு பூத்துச்சு. படத்துல இருக்குற உயரத்துல பாதிதான், ஆனா பூ பூதான். சிவப்பு.

எத்தனை நாள் இருந்துச்சு? நாலு. காலையில கூம்பி இருக்கும், மதியம் சூட்டுக்கு அகலமா வாயைப் பிளந்துடும், அஞ்சாவது நாள் இதழ் எல்லாம் தரையில.

இப்ப காமர்ஸ் மூளைக்கு ஒரு கேள்வி. டூலிப் கிழங்கு கேபிடல் எக்ஸ்பெண்டிச்சரா, ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சரா? மல்லிகைக் கன்னு வாங்குறது கேபிடல், சந்தேகமே இல்ல. ஒரு தடவை போட்டா வருஷக்கணக்குல பலன். டூலிப்பும் அந்த மாதிரின்னு நினைச்சுத்தான் நாம வாங்குறோம். ஆனா டூலிப்புல ஒவ்வொரு வருஷமும் தாய்க் கிழங்கு செத்துடும். பூத்து முடிச்ச அப்புறம் இலை பச்சையா இருக்குற சில வாரத்துல புதுக் கிழங்குங்க உள்ள உருவாகணும். குளிர்ந்த வசந்தம் நீளமா இருந்தா அதுங்க பெருத்து அடுத்த வருஷம் பூக்கும். நம்ம மார்ச் வெயில்ல இலை ரெண்டு வாரத்துல கருகுது. தோண்டிப் பார்த்தேன், பூண்டுப் பல்லு சைஸுல ரெண்டு கிடந்துச்சு. அது பூக்குறதுக்கு இல்ல. ஆக, நம்ம ஊர்ல இது சுத்தமான ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். வருஷா வருஷம் புதுசா வாங்கணும்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. நெதர்லாந்துல கூக்கன்ஹாஃப்னு ஒரு தோட்டம், 1950ல பொதுமக்களுக்குத் திறந்தது. வருஷத்துல ஏறக்குறைய எட்டு வாரம்தான் திறந்திருக்கும். அதுக்காக ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் சுமார் 70 லட்சம் கிழங்கு புதுசா நடுவாங்க, சீசன் முடிஞ்சதும் தோண்டி எடுத்துடுவாங்க. டூலிப்போட தலைநகரத்துலயே இந்தக் கதை. டெல்லியில சாலையோரம் பிப்ரவரியில பூக்குதே, அதுக்கும் நெதர்லாந்துல இருந்து கிழங்கு இறக்குமதி பண்ணித்தான் நடுறாங்க. ஸ்ரீநகர்ல தால் ஏரிக்குப் பக்கத்துல இருக்குற தோட்டத்துல 15 லட்சத்துக்கு மேல பூக்குதுன்னா, அங்க நிஜமாவே பனி பெய்யுது, அதான் ரகசியம். அங்கயும் மூணு நாலு வாரம்தான் காட்சி.

குமாரி பாட்டுல பார்க்குற மாதிரி வயல் வயலா இருக்கே, அது பூவுக்காக வளர்க்குறது இல்லைன்னு தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த விவசாயி விக்கிறது கிழங்கு. பூ நல்லா விரிஞ்சு, ரகம் சரியா, நோய் இருக்கான்னு பார்த்ததும் மெஷினை விட்டுத் தலையை எல்லாம் வெட்டிடுவாங்க. அப்பதான் சத்து விதைக்குப் போகாம கிழங்குக்குப் போகும். நாம வாயைப் பிளந்து பார்த்த பூ அவனுக்குக் கழிவு. அவன் எதை விக்கிறான்னு அவனுக்குத் தெளிவாத் தெரியும். எதை வாங்குறோம்னு நமக்குத்தான் தெரியல.

டூலிப்னதும் நம்ம வாத்தியாருங்க 1637 கதையை எடுத்து விடுவாங்க. ஹாலந்துல ஜனங்க பைத்தியம் பிடிச்சு ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டு விலை கொடுத்தாங்க, பிப்ரவரியில விலை விழுந்து நாடே திவால் ஆச்சுன்னு. 1841ல சார்லஸ் மேக்கே எழுதினதை வெச்சு ஊரெல்லாம் சொல்ற கதை இது. விலை ஏறினது நிஜம், விழுந்ததும் நிஜம். ஆனா ஆன் கோல்ட்கர்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் அந்தக் காலத்து ஆவணங்களைத் தோண்டி 2007ல ஒரு புத்தகம் போட்டாங்க. இதுல இருந்தவங்க பெரும்பாலும் வசதியான வணிகர்களும் கைவினைக்காரங்களும்தான், நாடு ஒண்ணும் திவால் ஆகலைன்னு அதுல காட்டியிருக்காங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. அன்னிக்கு அவங்க கிழங்கை எடை போட்டு விலை பேசினாங்க. என்ன ரகம், எப்ப தோண்டுவாங்கன்னு கேட்டு வாங்கினாங்க. (ஒரு வேடிக்கை: அன்னிக்கு உச்ச விலைக்குப் போன கோடு போட்ட பூவெல்லாம் அசுவினி பரப்புற வைரஸ் நோய் தாக்கினது. அது 1920கள்லதான் தெரிஞ்சுது.) முட்டாள்னு நாம சிரிக்கிற அந்த ஆளு நம்ம பயலுகளை விட ஆயிரம் மடங்கு விவரமானவன். நீல விதை 149 ரூபாய்னு அவன்கிட்ட போய்ச் சொல்லியிருந்தா செருப்பைத் தூக்கியிருப்பான்.

"அந்நியப் பூ நமக்கு எதுக்கு"ன்னு கொடி பிடிக்கிற கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. எங்க வீட்டு வாசல்ல இருக்குற காகிதப்பூ தென்னமெரிக்கா. செண்டுமல்லி மெக்சிகோ. சாமி மாலையில கட்டுறோமே சம்பங்கி, அதுவும் மெக்சிகோ, அதுவும் கிழங்குதான். அதுக்குப் பனி வேணாம், நம்ம வெயில் பிடிச்சுப் போச்சு, தங்கிடுச்சு. அதனால ஊரு எதுங்கிறது என் பிரச்சினை இல்ல. டூலிப் வளர்க்கிறவங்களைக் கிண்டல் பண்ணவும் இதை எழுதல. நாலு நாள் பூவுக்கு மூணு மாசம் ஃபிரிட்ஜ் இடம் கொடுக்கிறது உங்க இஷ்டம், நானும் கொடுத்தேன். பட்டாசுக்குக் கூடத்தான் காசு போடுறோம். எனக்கு வேண்டியது அந்தத் துண்டுச் சீட்டுல மூணு வரி. பன்னெண்டு வாரம் குளிர்ல வெச்சாத்தான் பூக்கும். சமவெளியில ஒரு தடவைதான் பூக்கும். வேனல்ல நடாதே. இதை அச்சடிக்க ஒரு ரூபாய் கூட ஆகாது. ஆனா அடிச்சா ஏப்ரல்ல ஒருத்தனும் வாங்க மாட்டான். அதனாலதான் அடிக்கல.

ஆர்டர் போட்ட ரெண்டு பேரும் இன்னிக்கே கேன்சல் பண்ணுங்கடா. பார்சல் கிளம்பறதுக்குள்ள பண்ணினா முழுக் காசும் வரும்.

மூணு பூவும் பூத்த அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கிட்ட போய் மோந்து பார்த்தாங்க. "வாசனையே இல்லையேடா"ன்னாங்க. தலையிலயும் வைக்க முடியாதுன்னு தண்டைத் தடவிப் பார்த்துட்டு, ஒண்ணைக் கிள்ளி சாமி படத்துல வெச்சாங்க. அப்புறம் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, "நான் வெச்சது"ன்னு காட்டினாங்க.